கையிலிருக்கும் சீனித் தண்ணீரைப் பறிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

உங்கள் ஞாயிறு பதிப்பின் மருத்துவப் பக்கம் எங்கள் கடையில் கைமாறிக் கைமாறித் திங்கட்கிழமை மத்தியானம்தான் என் மேசைக்கு வரும். முதலில் முதலாளி ஐயா வாசிப்பார். பிறகு கல்லாவில் இருக்கும் அண்ணர். அதற்குப் பிறகு மூட்டை இறக்கும் நாட்டாமை அண்ணமாரில் ஒருவர் மற்றவர்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவார். நீரிழிவுக் கட்டுரை என்றால் கூட்டம் கூடும். எங்கள் கடையில் பாதிப் பேருக்குச் சீனி வருத்தம். மிச்சப் பேருக்கு அது வந்துவிடுமோ என்ற பயம்.

அந்தக் கட்டுரைகளில் பிழை பிடிக்க நான் வரவில்லை. சோற்றைக் குறை, நட, பாதத்தைக் கவனி, கண்ணைக் காட்டு. எல்லாம் நல்ல புத்திமதி. ஆனால் எல்லாமே சீனி ஏறுவதைப் பற்றியவை. இறங்குவதைப் பற்றி ஒரு பந்தியாவது வரும் வரும் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். வந்தபாடில்லை. உங்கள் பக்கத்தை ஒரு எழுத்து விடாமல் வாசித்த நல்ல மனிதர் ஒருவரால்தான் எனக்கு ஒருநாள் உயிருக்கே ஆபத்து வரப் பார்த்தது. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு 26 வயது. ஊர் யாழ்ப்பாணம். வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் மேல்மாடியில் அறை எடுத்து இருக்கிறேன். வேலை, கொழும்பு நாலாம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுவது. வெங்காயம், உருளைக்கிழங்கு, பருப்பு, செத்தல் மிளகாய், சீனி என்று லொறி லொறியாக வந்து போகும் இடம். போன வருஷக் கடைசியில் தாகம் தாகமாக எடுத்தது, இரவில் நாலைந்து தரம் எழும்பினேன், உடுப்பெல்லாம் தொளதொளத்துப் போனது. “மெலிஞ்சு வடிவா வந்திட்டீர்” என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். பிறகு சத்தி எடுத்து, மூச்சு வாங்கி, அம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் முதலாம் வகை நீரிழிவு என்று தெரிந்தது.

இதற்கும் இனிப்புச் சாப்பிட்டதற்கும் தொடர்பில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி, இன்சுலின் சுரக்கும் கலங்களைத் தானே அழித்துவிடுகிற வருத்தம் இது. சிறுபிள்ளைகளுக்குத்தான் வரும் என்றில்லை, எந்த வயதிலும் வரலாம். குளிசையால் சமாளிக்க முடியாது. இன்சுலின் இல்லாவிட்டால் உயிர் இல்லை. 1922 ஜனவரியில் கனடாவின் டொரொண்டோ நகரில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலில் இன்சுலின் ஊசி போடும் வரைக்கும் என்னைப் போன்றவர்களைப் பட்டினி போட்டுச் சாவைத் தள்ளி வைப்பதைத் தவிர வைத்தியர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. அந்த ஊசியை எனக்கு அரசாங்க கிளினிக்கில் காசில்லாமல் தருகிறார்கள். அதற்கு நன்றி சொல்லாமல் மேலே எழுத மனம் வரவில்லை.

ஆனால் ஊசிக்கு ஒரு குணம் இருக்கிறது. உங்கள் உடம்பில் சுரக்கும் இன்சுலின், சீனி குறைந்தால் தானாகவே அடங்கிவிடும். நான் காலமை தோலுக்குக் கீழே ஏற்றிக்கொண்ட இன்சுலின் அப்படி அடங்காது. லொறியில் ஏறிப் புறப்பட்ட மூட்டையைக் கணக்குப்பிள்ளை திருப்பி இறக்க முடியாதது போலத்தான். நான் சாப்பிட்டேனா இல்லையா, வெயிலில் நடந்தேனா கதிரையில் இருந்தேனா என்று அது பார்க்காது. எனக்குத் தந்திருப்பது கலப்பு இன்சுலின். அதில் ஒரு பங்கு கெதியாக வேலை செய்து காலைச் சாப்பாட்டைப் பார்த்துக்கொள்ளும். மற்றப் பங்கு மெல்ல எழும்பி மத்தியானத்தை ஒட்டி உச்சத்துக்குப் போகும். அந்த நேரத்தில் வயிற்றில் சோறு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரத்தத்தில் உள்ள சீனியை அது இழுத்துக்கொண்டே போகும்.

அந்த நாள் அப்படித்தான் நடந்தது. துறைமுகத்திலிருந்து சரக்கு வந்து இறங்கிக்கொண்டிருந்தது. தெரு முழுக்க லொறியும் கைவண்டியும். சாப்பாட்டுப் பார்சல் கொண்டு வரும் தம்பியால் உள்ளே வர முடியவில்லை. ஒரு மணி தாண்டியும் நான் சாப்பிடவில்லை. முதலில் கொப்பியில் உள்ள இலக்கங்கள் நெளிந்தன. ஒரே நிரலைத் திருப்பித் திருப்பிக் கூட்டினேன், ஒவ்வொரு தரமும் வேறு விடை. பக்கத்தில் பில் எழுதும் தங்கச்சி ஏதோ கேட்க, காரணமில்லாமல் சீறி விழுந்தேன். மின்விசிறி தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் கழுத்தடியில் குளிர்ந்த வேர்வை. உதடு விறைத்த மாதிரி. வயிற்றைக் கிண்டும் பசி. இதெல்லாம் என்னவென்று கிளினிக் நேர்ஸ் அக்கா எனக்குப் படிப்பித்திருந்தா. விரலில் குத்தி இரத்தச் சீனியை அளக்கும் மீற்றர் 70 இற்குக் கீழே (ஒரு டெசிலீற்றரில் இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில்) காட்டினால் சீனி குறைவு. 54 இற்குக் கீழே போனால் மூளைக்கே எரிபொருள் தட்டுப்பாடு, தாமதிக்கக் கூடாது. மீற்றர் கைக்கு எட்டாவிட்டால் அதைத் தேடி நேரம் கடத்தாமல் முதலில் சீனியைக் குடி, பிறகு பார் என்று சொல்லி விட்டிருந்தா.

தேத்தண்ணீர் ஊற்றும் தம்பியிடம் பச்சைத் தண்ணீரில் நாலு கரண்டி சீனி கரைத்துத் தரச் சொன்னேன். கொண்டுவந்து தந்தான். கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகிற நேரம் ஐயா கண்டுவிட்டார்.

“என்ன பிள்ளை, உமக்கு விசரே? சீனி கூடினபடியாலதானே ஊசி போடுறீர். ஊசியைப் போட்டுப்போட்டுச் சீனியைக் கரைச்சுக் குடிக்கிறீரோ? ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரைப் பார்க்கேல்லையே?”

கோப்பையைப் பறித்து வாசல் கானுக்குள் ஊற்றிவிட்டார். வெறும் தண்ணீர்ப் போத்தல் ஒன்றைக் கையில் திணித்தார். எனக்கு விளக்கம் சொல்ல நாக்கு எழும்பவில்லை. சொல்ல வேண்டியது தெரியும், சொல் வராது. இறங்கின சீனியின் கொடுமையே அதுதான். உதவி கேட்க வேண்டிய வாயையே முதலில் கட்டிப்போடும். என் கதிரைக்குப் பின்னால் 50 கிலோ சீனி மூட்டைகள் கூரை முட்ட அடுக்கியிருந்தன.

நாட்டாமை அண்ணமாரில் மூத்தவர், பதுளைப் பக்கத்துக்காரர், மூட்டையை இறக்கிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. வாசலில் வியாபாரிகளுக்குக் காட்டுவதற்காக வைத்திருக்கும் மாதிரித் தட்டில் ஒரு பிடி சீனியை அள்ளி என் உள்ளங்கையில் கொட்டி, “தின்னுங்க பாப்பா, முதல்ல தின்னுங்க” என்றார். அவருடைய தாயும் ஊசி போட்டவவாம். தின்றேன். கொஞ்ச நேரத்தில் இலக்கங்கள் நெளியாமல் நின்றன. கையை நன்றாகக் கழுவிவிட்டு விரலில் குத்திப் பார்த்தேன். மீற்றர் 61 என்றது. தின்ற பிறகு 61 என்றால் அதற்கு முதல் எவ்வளவோ. (கையைக் கழுவியது துப்புரவுக்காக மட்டுமல்ல. விரலில் சீனி ஒட்டியிருந்தால் மீற்றர் பொய்யாகக் கூட்டிக் காட்டும்.)

ஐயாவை நான் குற்றம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களுக்குச் சம்பளம் வெட்டாதவர். தன் மகளுக்குச் செய்வதைத்தான் எனக்கும் செய்தார். அவர் வாசித்த எல்லாமே இனிப்பு நஞ்சு என்றுதான் சொன்னது. நஞ்சென்று கேள்விப்பட்டதைக் கண்ணெதிரே ஒரு பிள்ளை குடித்தால் யார்தான் பறிக்க மாட்டார்கள்?

இதில் இன்னொன்றும் இருக்கிறது. ஐயாவுக்கு இரண்டாம் வகை. அவர் போடும் குளிசைகளில் ஒன்று கிளிக்லசைட். மெற்போமின் மட்டும் போடுபவர்களுக்குச் சீனி இப்படி இறங்குவது அரிது. ஆனால் கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்றவை கணையத்தை நெருக்கி இன்சுலினைச் சுரக்கப் பண்ணும் குளிசைகள். சாப்பிடாமல் அவற்றை மட்டும் போட்டால் ஐயாவும் என்னைப் போலவே வேர்த்து விறுவிறுத்து விழலாம். வயது போனவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் அந்த இறக்கம் மணிக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும் என்பதால், சீனி குடித்துத் தெளிந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஐயா கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் பிடிப்பவர். காலமைக் குளிசையைப் போட்டுவிட்டு இளநீரோடு இருந்துவிடுவார். அவருக்கு இதைச் சொல்ல எனக்கு வாய் வந்தது மற்றக் கிழமைதான். சொன்னதும் பேசாமல் இருந்துவிட்டுப் பிறகு, “உதை ஏன் ஒருத்தரும் எழுதேல்லை?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை அப்படியே உங்களுக்கு அனுப்பி வைக்கிறேன். விரதம் பிடிப்பவர்களும் நோன்பு நோற்பவர்களும் அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே வைத்தியரிடம் போய் மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று உங்கள் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டால் புண்ணியம்.

இனி, என்ன கொடுக்க வேண்டும் என்பது. ஆளுக்கு நினைவிருந்து விழுங்க முடியுமென்றால் கெதியாகக் கரையும் சீனி 15 கிராம். வீட்டுக் கணக்கில் வழித்த தேக்கரண்டி நாலு, குவித்த கரண்டி என்றால் மூன்று போதும். தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கொதிக்கும் தேத்தண்ணீரில் கலந்தால் அதை ஆற்றிக் குடிப்பதற்குள் ஆள் சாய்ந்துவிடும். பாமசியில் விற்கும் குளுக்கோஸ் தூள் இன்னும் நல்லது, நான் பையில் ஒரு சின்னப் போத்தலில் வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு 15 நிமிஷம் பொறுத்துத் திரும்பவும் குத்திப் பார்க்க வேண்டும். 70 ஐத் தாண்டாவிட்டால் இன்னும் ஒரு 15 கிராம்.

அந்தக் கால் மணித்தியாலம் பொறுப்பதுதான் பெரிய தவம். உடம்பு முழுக்கத் தின் தின் என்று அலறும். கண்டதையும் வாரி விழுங்கினால் ஒரு மணித்தியாலத்தில் சீனி 300 இல் போய் நிற்கும், பிறகு பின்னேரம் முழுக்கத் தலையிடி. சீனி ஏறித் தெளிந்த பிறகு, அடுத்த சாப்பாட்டுக்கு நேரம் இருந்தால் இரண்டு கிறீம் கிராக்கரோ ஒரு துண்டுப் பாணோ சாப்பிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் இன்சுலின் திரும்பவும் இழுக்கும்.

அன்பாகத் தரும் பல சாமான்கள் இந்த நேரத்துக்கு உதவாது. சொக்கலேற்றில் உள்ள கொழுப்பு சீனியைத் தாமதமாக்கும். கேக்கும் லட்டும் அப்படித்தான். வாழைப்பழம் பிறகு சாப்பிட நல்லது, முதல் மருந்தாக அல்ல. தெம்பிலியில் (செவ்விளநீரில்) சீனி இருக்கிறதுதான், ஆனால் எவ்வளவு என்று காயைப் பார்த்துச் சொல்ல முடியாது. கடைக்காரர்கள் ஓடிப்போய்க் குளிர்பானம் வாங்கி வருவார்கள். அதில் ஒரு கவனம் வேண்டும். 2016 இலிருந்து நம் நாட்டில் குளிர்பானப் போத்தல்களில் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை என்று ஒரு வட்டம் போடுகிறார்கள். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் கீழே என்றால் பச்சை. சீனி வருத்தக்காரருக்கு என்றதும் கடையில் பச்சை வட்டம் போட்டதைத்தான் பார்த்து எடுத்துத் தருவார்கள். சீனியில்லாத அந்தப் பானம் வெறும் தண்ணீருக்குச் சமன். அந்த நேரத்தில் எங்களுக்கு வேண்டியது ஊர் முழுக்கத் தவிர்க்கச் சொல்கிற சிவப்பு. செம்மஞ்சள் என்றால் போத்தலில் உள்ள எண்ணை வாசித்துப் பாருங்கள். 100 மில்லிலீற்றரில் 10 கிராம் என்று இருந்தால் 150 மில்லிலீற்றர் குடித்தால் கணக்குச் சரி. 5 கிராம் என்று இருந்தால் இரண்டு மடங்கு குடிக்க வேண்டும். கூட்டல் கழித்தல் செய்ய முடியாத தலையோடு இருப்பவரிடம் இந்தக் கணக்கை விடாமல், பக்கத்தில் இருப்பவர்கள் பார்த்துத் தந்தால் நல்லது.

பஸ்ஸில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 100 ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்கு வருகிறேன். காலி வீதி நெரிசல் தெரிந்ததுதானே. கொள்ளுப்பிட்டி தாண்டவே இல்லை, கை நடுங்கத் தொடங்கியது. பையில் இருந்த குளுக்கோஸ் கடையிலேயே முடிந்து போயிருந்தது. ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் சிங்களத்திலும் எழுதி மட்டை போட்ட சின்ன அட்டை ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைக் கண்டக்டரிடம் நீட்டினேன். அவர் சிங்களப் பக்கத்தை வாசித்தார். அடுத்த விநாடி பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, “சீனி டிக்கக் தியெனவாத காட்டஹரி?” (யாரிடமாவது கொஞ்சம் சீனி இருக்கிறதா?) என்று கத்தினார். வந்து சேர்ந்தவை: ஐந்தாறு டொபி, பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றின் பாதி குடித்த மைலோ பைக்கற், ஒரு அம்மாவின் கோயில் பிரசாத மோதகம், பின் இருக்கையிலிருந்து ஒரு சித்தாலேப்பத் தைல டப்பா. டொபிகளைக் கடித்து நொறுக்கித் தின்றேன். மோதகத்தை வீட்டில் வந்து சாப்பிட்டேன். சித்தாலேப்பவை அந்த மாமாவே என் நெற்றியில் பூசிவிட்டார், அதனால் பயனில்லை என்றாலும் மறுக்க மனம் வரவில்லை.

அட்டை இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கிறேன். அதுவும் என் இடத்தில் வேர்த்து, தள்ளாடி, சொல் குழறி, கேட்டதற்கு எரிந்து விழுகிற ஒரு ஆம்பிளை நின்றிருந்தால் அவரை அந்த பஸ்ஸில் யார் நோயாளி என்று நினைப்பார்கள்? குடிகாரன் என்று அடுத்த தரிப்பில் இறக்கிவிடுவார்கள். உண்மையில் குடித்திருந்தாலும் ஆபத்துக் கூடத்தான். ஈரல் மதுவைக் கவனிக்கப் போய்விட்டால் சீனியை வெளியே விடும் வேலையை விட்டுவிடும். ஆகவே குடித்த வாசனை வந்தாலும், ஆள் ஊசி போடுபவர் என்று தெரிந்தால் சீனி குறைந்திருக்கக் கூடும் என்பதை விடக் கூடாது.

ஆள் ஊசி போடுபவர் என்று எப்படித் தெரியும்? இந்த இடத்தில்தான் என் அம்மாவோடு எனக்குச் சண்டை. ரெலிபோனில் அவ சொல்வது இது: “உதை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரியாதை பிள்ளை. நாளைக்கு ஒரு சம்பந்தம் பேசேக்க உதுதான் முன்னுக்கு வந்து நிக்கும்.” கோவில் வாசலில், கலியாண வீட்டில், சொந்தக்காரர் வீட்டில் எங்கேயும் வாய் திறக்கக் கூடாது. போன மாதம் பம்பலப்பிட்டியில் ஒரு கலியாணம். முகூர்த்தம் பிந்தி, தாலி கட்டி, படம் எடுத்து, பந்தியில் இலை விழ இரண்டு மணி. காலமை ஊசி போட்டவள் அதுவரைக்கும் சிரித்துக்கொண்டு நிற்க வேண்டுமாம். நான் நேரே சமையல்கட்டுக்குப் போய் ஒரு தட்டில் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். இரண்டு மாமிமார் வாயைப் பிளந்து பார்த்தார்கள். அதைப் பார்த்து அம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

அம்மாவின் பயம் வீண் பயம் என்று சொல்ல மாட்டேன். பெண் பிள்ளைக்கு ஒரு வருத்தம் என்றால் நம் சனம் எப்படிக் கதைக்கும் என்பது அவவுக்கு என்னைவிடத் தெரியும். ஆனால் மறைத்தால் ஒன்று நடக்கும்: நான் விழும் நாளில் பக்கத்தில் நிற்பவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. பள்ளிக்கூடங்களில் இது இன்னும் மோசம். கிளினிக்கில் என்னோடு வரிசையில் நிற்கும் தாய்மார் சிலர், பிள்ளைக்கு ஊசி போடுவதை மிஸ்ஸிடமே சொல்லவில்லை. உடற்பயிற்சிப் பாடவேளையில் ஓடி விளையாடிவிட்டு அடுத்த பாடத்தில் மேசையில் தலை வைத்துப் படுக்கும் பிள்ளையை மிஸ் சோம்பேறி என்று எழுப்பி நிற்க வைப்பா. அவவுக்கு எப்படித் தெரியும்? அதிபர்மார், மிஸ்மார், சேர்மாருக்கு ஒரு வேண்டுகோள். ஊசி போடும் பிள்ளை வகுப்பில் டொபி தின்றால் தண்டிக்காதீர்கள். தலை சுற்றுகிறது என்று சொன்னால் தனியாக நோயாளர் அறைக்கு அனுப்பாதீர்கள், படியில் விழும். இருந்த இடத்திலேயே சீனியைக் கொடுத்துவிட்டுப் பிறகு அனுப்புங்கள்.

புதிதாக வருத்தம் கண்டவர்களுக்கு முதல் மாதங்களில் இந்த இறக்கம் எதிர்பாராமல் வரும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஊசி தொடங்கியதும், அழியாமல் மிஞ்சியிருக்கும் கலங்கள் சில காலத்துக்குக் கொஞ்சம் உயிர்த்து இன்சுலின் சுரக்கும். போன கிழமை சரியாக இருந்த அளவு இந்தக் கிழமை கூடிப்போகும். அதைப் பார்த்து வருத்தம் மாறிவிட்டது என்று ஊசியை நிறுத்தச் சொல்லும் நாட்டு வைத்தியர்கள் இருக்கிறார்கள். நிறுத்தினால் திரும்ப அம்புலன்ஸ்தான். செய்ய வேண்டியது மீற்றரில் வந்த எண்களைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போய்க் காட்டி அளவைக் குறைத்துக்கொள்வது.

இரவு இறக்கம்தான் எனக்கு இன்னும் பயம். பின்னேரம் மரைன் டிரைவ் கரையோரமாகக் கைவீசி நடந்தால், தசைகள் அதற்குப் பிறகும் மணிக்கணக்கில் சீனியை உறிஞ்சிக்கொண்டிருக்கும். அது நடுச்சாமத்தில் தெரியும். தலையணை நனைய வேர்த்திருக்கும், கெட்ட கனவு வரும், விடியத் தலை இடிக்கும். இப்போது நடந்த நாளில் படுக்க முன் குத்திப் பார்த்து, டொக்டர் சொன்ன அளவுக்குக் கீழே என்றால் பிஸ்கட்டும் பாலும் எடுத்துவிட்டுத்தான் படுக்கிறேன். கட்டிலடியில் சீனிப் போத்தலும் தண்ணீரும் இருக்கும். எறும்பு வருகிறது என்று வீட்டுக்கார அன்ரி முதலில் முணுமுணுத்தா. இப்போது அவவே மூடி இறுக்கமான போத்தல் வாங்கித் தந்து, விடிய ஆறு மணிக்கு என் கதவைத் தட்டி, “இருக்கிறீரோ பிள்ளை?” என்று கேட்டுவிட்டுத்தான் பால் காய்ச்சப் போவா. அடிக்கடி சீனி இறங்கினால் நடுக்கமும் வேர்வையும் குறைந்துபோய், ஒரு அறிகுறியும் காட்டாமல் ஆள் மயங்கலாம். பிறஷருக்கோ நெஞ்சுக்கோ போடும் சில குளிசைகளும் படபடப்பை மறைத்துவிடும். அப்படியானவர்களுக்குப் பக்கத்து ஆளின் கண்தான் காவல்.

கடைசியாக, நினைவு தப்பியவர். வாயில் எதையும் ஊற்றாதீர்கள், சீனித் தண்ணீரையும்தான். அது சுவாசப்பைக்குள் போகும். ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். வலிப்பு வந்தால் வாய்க்குள் கரண்டியோ இரும்போ வைக்காதீர்கள். பையில் இன்சுலின் கிடந்தது என்று அன்பு மிகுதியால் அதை எடுத்துப் போட்டுவிடாதீர்கள், அது கொலைக்குச் சமன். 1990 க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசில்லை. ஆள் நீரிழிவுக்காரர், ஊசி போடுபவர் என்பதை ரெலிபோனிலேயே சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினால் நிமிஷங்களில் கண் திறக்கும். ஈரலில் சேமித்திருக்கும் சீனியை வெளியே விடப் பண்ணும் குளுக்கோகன் என்ற ஊசியும் உண்டு. ஊசி போடும் பிள்ளைகள் உள்ள வீட்டார் அதை வீட்டில் வைத்திருக்கலாமா என்று தங்கள் கிளினிக்கில் கேட்டுப் பாருங்கள்.

ஆசிரியர் அவர்களே, நவம்பர் 14 உலக நீரிழிவு தினம். வழக்கம்போல அன்றைக்குச் சிறப்புப் பக்கம் போடுவீர்கள். அதில் ஒரு மூலையில், வெட்டி எடுக்கக்கூடிய அளவில், என் அட்டையில் உள்ள வாசகத்தை இரண்டு மொழியிலும் போட்டுத் தர முடியுமா? தமிழ் இது:

“எனக்கு நீரிழிவு. இன்சுலின் போடுகிறேன். நான் வேர்த்து, நடுங்கி, குழறிப் பேசினால் என் இரத்தத்தில் சீனி குறைந்துவிட்டது. நான் விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் உடனே சீனித் தண்ணீர் தாருங்கள். மயங்கியிருந்தால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் 1990 க்கு அழையுங்கள்.”

சிங்கள வாசகம் இந்தக் கடிதத்தோடு தனித் தாளில் இருக்கிறது. பில் எழுதும் தங்கச்சி எழுதித் தந்தது, எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். ஐயா தன் செலவில் நூறு பிரதி எடுத்து நாலாம் குறுக்குத் தெருக் கடைகளுக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். என் பெயரை மட்டும் போட வேண்டாம். அம்மாவும் உங்கள் வாசகிதான்.

இப்படிக்கு,
நாலாம் குறுக்குத் தெருக் கணக்குப்பிள்ளை,
வெள்ளவத்தை, கொழும்பு 6.